கைப்பம்புக்கு வேஷம்

5.3.87 வியாழன்
தெருக்கிணறு வற்றி ஐந்து மாசம். மாந்தோப்புக் கிணற்றுக்கு ஒரு மைல் நடக்கிறோம். அடுத்த மாசம் ஆபீசர் வருகிறாராம். கைப்பம்பு கேட்டு எப்படிப் பேசுவது என்று பழக, சிஸ்டர் ராஜமேரி எங்களைக் கோயில் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார். பெஞ்சுகளை ஒட்டிப் போட்டு, மேலே சாக்பீஸால் தெருவை வரைந்தார். வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. ஆபீசுக்குத் தீப்பெட்டி. ஆளுக்கொரு வேஷம். ஒருத்தி பேசினால் மற்றவர்கள் வாயை மூடிக் கேட்கணும். அவ்வளவுதான் சட்டம்.

அதற்குக்கூடத் துப்பில்லை இதுகளுக்கு. ஒருத்தி பேன் பார்க்கிறாள். ஒருத்தி மூக்கைச் சிந்திப் பெஞ்சுக்கடியில் துடைக்கிறாள். செல்லி ஒரு புளியங்கொட்டையை வாயில் போட்டுக் கடக்கென்று கடித்தாள்.

"அது என் வூடுடி!" என்று கத்தினேன்.

"வறுத்த கொட்டைய எதிர்ல வச்சா யாரு ஆயா சும்மா இருப்பா?"

துப்பி, முந்தானையில் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். எச்சில் வீடு.

12.3.87
சீட்டு எடுத்ததில் எனக்கு ஆபீசர் வேஷம். மனு கொடுப்பவள் யார்? குள்ளம்மாள்!

பதினோரு வருஷமாக அவளோடு பேச்சில்லை. செத்துப்போன என் வீட்டுக்காரரைக் கூடத்தில் கிடத்தியிருக்கும்போது வாசலில் நின்று, இரவல் கொடுத்த அண்டாவைக் கேட்டவள். பச்சைச் சேலை கட்டியிருந்தாள். மறப்பேனா?

அவள், "ஐயா, எங்க மருமக தண்ணிக்குப் போயி..." என்று ஆரம்பித்தாள். நான் தீக்குச்சியால் காது குடைந்தேன். கொட்டாவி விட்டேன். "யாரும்மா நீ? எந்த ஊரு? மனுவ வச்சிட்டுப் போம்மா" என்றேன். பெஞ்சே ஆடும்படி சிரித்தார்கள். "அப்படியே ஆபீசரு!" என்று செல்லி கைதட்டினாள். குள்ளம்மாள் பாதியில் நிறுத்திவிட்டாள். சிஸ்டர் சிரிக்கவில்லை. சிரிக்காட்டி போகட்டும்.

13.3.87
குள்ளம்மாளின் மருமகள் தீர்த்தம்மாள் தை மாசம் குடத்தோடு வரப்பில் விழுந்தாளாம். வயிற்றில் நாலு மாசம். கலைந்துவிட்டதாம். செல்லிதான் சொன்னாள். என்னிடம் ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை?

சொன்னாளே. நேத்து என் மூஞ்சிக்கு எதிர்ல உக்காந்து அவதான சொல்ல வந்தா.

19.3.87
குள்ளம்மாள் வந்து கதவோரமே நின்றாள். "அவங்க எதிர்ல நான் வாயத் தொறக்க மாட்டன் சிஸ்டர். ஆபீசருகிட்டயும் பேசல. வேற ஆளப் பாருங்க." போய்விட்டாள்.

வேறு ஆள் யார்? மற்றவர்கள் எல்லாரும், "தண்ணி இல்லீங்க, பாத்து செய்யுங்க" என்று இழுக்கிறார்கள். அதைக் கேட்டு எவன் பம்பு போடுவான்? எல்லாருடைய பேச்சும் எனக்கு மனப்பாடம். அவர்கள் வாய் திறக்குமுன் நானே சொல்லிக் கொடுத்தேன். "ஆயா, அவங்க முடிக்கட்டும்" என்றார் சிஸ்டர். நேற்று பிறந்த பெண். எனக்குச் சொல்ல வந்துவிட்டாள்.

20.3.87
தூக்கம் இல்லை. காது குடைந்தேனே, சீ. என்ன பொம்பளை நான்.

26.3.87
சிஸ்டர் எப்படியோ அவளை அழைத்து வந்துவிட்டார். மன்னிப்பெல்லாம் எனக்கு வராது. மறுபடி தீப்பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆபீசர் குரலிலேயே சொன்னேன்: "மனு குடுக்க வந்த அம்மா, அன்னிக்கி நான் கேக்கல. மொதல்ல இருந்து சொல்லுங்க."

என்னை வெகுநேரம் முறைத்தாள். பிறகு சொன்னாள். வரப்பு, குடம், ரத்தம், வண்டி கிடைக்காமல் கட்டிலில் தூக்கிக்கொண்டு ஓடியது, எல்லாம். செல்லி மெல்லுவதைக்கூட நிறுத்திவிட்டாள்.

அண்டா விஷயம் வேறு. அது அப்படியேதான் இருக்கிறது.

2.4.87
ஆபீசர் வந்தார். குள்ளம்மாள் பேசப் பேச அவர் காகிதம் புரட்டினார், கடிகாரம் பார்த்தார், டிரைவரிடம் மாங்காய் என்ன விலை என்று கேட்டார். எங்கள் பெண்கள் ஒருத்தியும் மூச்சு விடவில்லை. இவருக்கு நாலு வியாழக்கிழமை பாடம் எடுக்கணும்! குள்ளம்மாளின் குரல் இறங்கிக்கொண்டே போய் நின்றுவிட்டது.

நான் எழுந்தேன். "சார், அந்த நாற்காலியில நானும் உக்காந்து பாத்திருக்கன். அங்க இருந்தா நாம கேக்கற மாரியேதான் தோணும். ஒண்ணும் காதுல ஏறாதுங்க."

டிரைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆபீசர் முகம் கறுத்தது. போச்சு, பம்பும் போச்சு என்று நினைத்தேன். காகிதத்தை மூடி வைத்தார்.

"சொல்லுங்கம்மா" என்றார். என்னிடம் இல்லை. அவளிடம்.

11.6.87
பம்பு போட்டாயிற்று. குள்ளம்மாள் வீட்டுக்கு எதிரே. வேறு இடமே கிடைக்கவில்லை பாருங்கள்.

குடத்தோடு போனேன். இவளே பாறையைத் துளைத்த மாதிரி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏ வியாகுலம், போர் போட லாரி வந்தன்னிக்கி என்ன நடந்துச்சி தெரியுமா?" என்று என் பேரைச் சொல்லியே ஆரம்பித்துவிட்டாள். பாதி பொய். நானும்தானே அன்றைக்கு அங்கே நின்றேன்? வந்தது ஒரு லாரி, இவள் கணக்கில் ரெண்டு. நாக்கு நுனிவரை வந்தது.

குடத்தைக் கீழே வைத்தேன். முடிக்கும்வரை நின்றேன்.