சாப்பிடும்போது சொன்ன சட்டம்

புளியவயல்,
ஆலங்குடி வழி,
18-1-1967

மரியாதைக்குரிய அண்ணன் ஹவில்தார் ஞானமணி அவர்களுக்கு, உடையப்பன் மனைவி உண்ணாமலை எழுதிக்கொள்வது.

இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று உங்கள் சிநேகிதர் எனக்குப் பழக்கி வைத்திருக்கிறார். அவர் பட்டாளத்திலிருந்து எழுத, நான் பதில் எழுத, அப்படித்தான் எனக்கு நாலு வரி எழுத வந்தது. இந்தத் தடவை அந்த வரியை விட்டுவிடுகிறேன். அண்ணன் தப்பாக நினைக்க வேண்டாம்.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். ஆலங்குடி கஜானாவில் பென்ஷன் மாதாமாதம் ஒழுங்காகக் கிடைக்கிறது. லாகூர் பக்கம் சண்டையில் அவர் விழுந்த பிறகு, நீங்கள் நாலு இடத்துக்கு எழுதிப் போட்டிருக்காவிட்டால் இன்னும் நாங்கள் மனு எழுதிக்கொண்டுதான் இருப்போம். அழகி மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அப்பா பெயரை எழுதச் சொன்னால் முன்னால் லான்ஸ் நாயக் என்று சேர்த்துத்தான் எழுதுகிறாள். வாத்தியார் அடித்தாலும் விடுவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் அவருடைய இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தீர்களே, அன்றைக்குச் சாப்பிடும்போது நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? என் மாமியார் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். மருமகள் இன்னொருத்தனைக் கட்டிக்கொண்டு போய்விட்டால் பென்ஷனும் நின்று போகுமே, நாங்கள் என்ன செய்வோம் என்று ஒப்பாரி வைத்தாள். நீங்கள் ஆறுதலாகச் சொன்னீர்கள், வேறு ஆளைக் கட்டினால்தான் நிற்கும், செத்துப்போனவர் தம்பியையே கட்டிக்கொண்டால் நிற்காது, சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்று. அத்தையின் அழுகை சட்டென்று நின்றது. என் கொழுந்தன் ரத்தினவேல் உங்கள் இலையில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினான். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள், பார்க்கவில்லை.

ரத்தினவேல் யார் தெரியுமா? நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அவன் மூக்கு ஒழுகிக்கொண்டு நின்ற பொடியன். அவனுக்குப் பேன் பார்த்தது நான், முள் எடுத்தது நான். அம்மை போட்டிருந்தபோது வேப்பிலையோடு அவன் பாயருகே கிடந்ததும் நான்தான். அவன் எனக்குத் தாலி கட்டுவதாம். எங்கள் பக்கத்தில் தாலி அறுத்தவள் மறுபடி கட்டிக்கொள்வது உண்டு, அதை நான் குறை சொல்லவில்லை. பிடித்தவள் கட்டிக்கொள்ளட்டும். எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அழகியைக் கூட்டிக்கொண்டு ஆலங்குடியில் ஒரு அறை பிடித்து இருந்துகொள்கிறேன், அவள் அங்கே படிக்கட்டும் என்று சொன்னேன். பென்ஷன் வாசற்படி தாண்டுகிறது என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து அடிதான். பெட்டியில் அவருடைய பெல்ட் இருந்ததே, பித்தளைப் பூட்டு வைத்தது, அதை எடுத்துத்தான் ரத்தினவேல் அடிக்கிறான். அவர் பாலீஷ் போட்டுப் போட்டு வைத்திருந்த பித்தளை. மாட்டுப்பொங்கல் அன்று காதுமடல் கிழிந்துவிட்டது. முதுகில் துணி பட்டாலே எரிகிறது, குப்புறப் படுத்துத்தான் இதை எழுதுகிறேன். அத்தை வாசலில் மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டே குரல் கொடுத்தாள். "மூஞ்சியில அடிக்காதடா, கஜானாவுல பாப்பாங்க" என்றாள். என் மேல் அவளுக்கு இருக்கிற அக்கறை அவ்வளவுதான்.

எனக்குப் பிறந்த வீடு என்று எதுவும் மிச்சமில்லை. ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு பொய் எழுதுங்கள். சட்டம் மாறிவிட்டது, இனித் தம்பியைக் கட்டினாலும் பென்ஷன் நின்றுவிடும் என்று ரத்தினவேல் பெயருக்கே ஒரு கடிதம் போடுங்கள். பட்டாளத்துக்காரர் எழுதினால் நம்புவார்கள். நீங்கள் சொன்ன வார்த்தைதான் இந்த வீட்டில் பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறது. நீங்களே அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

தங்கள் தங்கை,
உண்ணாமலை


ஆலங்குடி,
9-11-1967

அண்ணன் அவர்களுக்கு உண்ணாமலை எழுதுவது.

உங்கள் பதில் மாசி மாதமே வந்தது. நான் கேட்ட முகவரிக்குத்தான் போட்டிருந்தீர்கள், நான் கேட்காத சேதியோடு. உடுப்பைப் போட்டுக்கொண்டு பொய் எழுத முடியாது, சட்டம் மாறவில்லை, தங்கையை அடிக்காமல் பெரியவர்களை வைத்துப் பேசிக்கொள் என்று எழுதியிருந்தீர்கள். ரத்தினவேல் அதை டீக்கடையில் நின்று உரக்கப் படித்தான். சட்டம் மாறவில்லை என்ற வரியை மட்டும் இரண்டு தடவை படித்தானாம். நான் உங்களைப் பொய் எழுதச் சொன்னதும் அதிலிருந்து வெளியே வந்துவிட்டது. என்னைக் கடலை மூட்டை போடுகிற அறையில் தள்ளிப் பூட்டினார்கள். பென்ஷன் வாங்க மட்டும் வண்டி கட்டி வெளியே கூட்டிப் போவார்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. மறைத்துக்கொண்டு எழுதத் தெரியவில்லை.

வைகாசி முதல் வெள்ளிக்கிழமை காலையில் கதவைத் திறந்தார்கள். வாசலில் ஆடு வெட்டிக் கட்டையில் அரிவாளைக் கொத்தி வைத்திருந்தார்கள். கிராம முன்சீப் அழகுமலை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பொம்பளைகள் என் தோளை அமுக்கிப் பலகையில் உட்கார வைத்தார்கள். ரத்தினவேல் பின்னால் வந்து மஞ்சள் கயிற்றைக் கழுத்தில் போட்டு ஒரு முடிச்சுப் போட்டான். இரண்டாவது முடிச்சுக்கு விடவில்லை. வலப்பக்கம் பிடித்திருந்தவள் கையைச் சதை பிய்யக் கடித்தேன். எழுந்து ஓடிப்போய்க் கட்டையிலிருந்து அரிவாளைப் பிடுங்கினேன்.

"வராதடா ரத்தினம், ஒன்னை வெட்டிருவேன்" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே என் தலைமயிரைப் பிடிக்கக் கையை நீட்டினான். நான் வெட்டினேன். கை தவறிவிட்டது, தெரியாமல் பட்டுவிட்டது என்றெல்லாம் உங்களுக்கு எழுத மாட்டேன். ஓங்கித்தான் வெட்டினேன். வலது கையில் கட்டைவிரல் தவிர நாலு விரலும் போய்விட்டது. அவருடைய பெல்ட்டைப் பிடித்து என்னை அடித்த கை.

எல்லாரும் கூச்சல் போட்டுக்கொண்டு நாலாபக்கமும் ஓடினார்கள். முன்சீப்பின் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. அழகி மட்டும் நடந்து வந்தாள். ஆட்டு ரத்தத்தில் கிடந்த ஒரு விரலைக் குனிந்து பொறுக்கி, "சித்தப்பா, இந்தாங்க" என்று நீட்டினாள். அதைப் பார்த்த பிறகுதான் அரிவாள் என் கையிலிருந்து விழுந்தது. அவன் மண்ணில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணி, வலிக்குது அண்ணி" என்றான். சின்ன வயதில் முள் குத்தினால் சொல்வானே, அதே குரல். என் கழுத்தில் கிடந்த கயிற்றைப் பிய்த்து அவன் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினேன். ரத்தம் கொஞ்சம் மட்டுப்பட்டது.

அவனைப் புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். போலீஸ் வந்து என்னைப் பிடித்துப் போகும் என்று ரத்தச் சேலையோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அழகியை யாரிடம் விடுவது என்றுதான் யோசனை. ஏட்டையா உள்ளே போய் விசாரித்தார். "கடலை ஒடைக்கிற மிஷின்ல கையை விட்டுட்டேங்க" என்று ரத்தினவேல் சொன்னது என் காதில் விழுந்தது. ஏட்டையா திரும்பத் திரும்பக் கேட்டார். அவன் மாற்றிச் சொல்லவில்லை. வெளியே வந்தவர் என்னைப் பார்த்து, நீ அவனுக்கு என்ன வேணும் என்று கேட்டார். அண்ணி என்றேன். அழுகை வந்துவிட்டது.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. நான் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று வருஷத்துக்கு ஒரு தடவை முன்சீப்பிடம் கையெழுத்து வாங்கிக் கஜானாவில் கொடுக்க வேண்டும் அல்லவா? ஆனி மாதம் போய்க் கேட்டேன். அழகுமலை கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். "ஒரு முடிச்சு விழுந்ததை என் கண்ணால பாத்தேன், ஒண்ணு விழுந்தாலும் தாலி தாலிதான்" என்றார். ரத்தினவேல் மனைவி என்று எழுதித் தருகிறேன், அப்போதும் பென்ஷன் வரத்தானே செய்யும், "ஒனக்கு என்ன நட்டம்?" என்று கேட்டார். யோசித்துப் பாருங்கள் அண்ணன், கணக்குப்படி எனக்கு ஒரு நட்டமும் இல்லை. பென்ஷன் அப்படியே இருக்கும். நான்தான் இருக்க மாட்டேன். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அத்தை என்னை மறுபடி அந்தக் கடலை அறைக்கு இழுத்துப் போவாள். கேட்க நாதி இருக்காது.

நான் அவர் வாசலை விட்டு நகரவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் ரத்தினவேல் வந்தான். கூடவே அத்தை, அவன் துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே. பேசாம வீட்டுக்கு வாடா என்று அவன் முதுகில் அடிக்கிறாள். அவன் காதில் வாங்கவில்லை. கட்டுப் போட்ட கையை முன்சீப் முகத்துக்கு நேரே நீட்டினான். "நான் முடிச்சே போடலைங்க. கயிறை வச்சேன், அதுக்குள்ள அண்ணி எந்திரிச்சிட்டாங்க. இவுங்க எங்க அண்ணன் பெண்டாட்டி. அப்புடியே எழுதுங்க" என்றான். அத்தை அவன் கன்னத்தில் அறைந்தாள். "பென்ஷனையும் தொலைச்சிட்டு கையையும் தொலைச்சிட்டியேடா பாவி" என்று மண்ணை வாரித் தூற்றினாள். கட்டினேன் என்று சொல்ல வேண்டியவனே இல்லை என்ற பிறகு முன்சீப் என்ன செய்வார்? எழுதிக் கொடுத்துவிட்டார்.

இப்போது நானும் அழகியும் ஆலங்குடியில் இருக்கிறோம். அவளை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன். அந்த பெல்ட்டை வரும்போது ஊர்க் கிணற்றில் போட்டுவிட்டேன், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நான் ரத்தினவேலை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். மன்னிக்கவில்லை. அவனும் என்னை மன்னித்திருக்க மாட்டான், இருபத்து நாலு வயதில் ஏர் பிடிக்க முடியாமல் ஆக்கிவிட்டேனே. கஜானாவுக்குப் போகிற நாளில் எதிரே புளியமரத்தடியில் வந்து நிற்கிறான். எதுவும் கேட்பதில்லை. சோற்றைக் கட்டி அழகியிடம் கொடுத்து அனுப்புகிறேன். இடது கைக்கு இன்னும் சோறு பிடிக்க வரவில்லை. அழகி ஊட்டிவிடுகிறாள். நான் அந்தப் பக்கம் திரும்பாமல் வரிசையில் நின்றுகொள்கிறேன்.

எல்லையில் இன்னும் அமைதி இல்லை என்று ரேடியோவில் சொன்னார்கள். இன்னும் எத்தனை வீட்டுக்கு நீங்கள் பெட்டி தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்குமோ தெரியவில்லை. இந்தத் தங்கை கேட்பது ஒன்றுதான். போகிற இடத்தில் செத்தவனுடைய பெண்டாட்டியைத் தனியாகக் கூப்பிடுங்கள். வெட்கப்பட்டு வரமாட்டாள், விடாதீர்கள். பென்ஷன் யாருக்கு வரும், எப்போது நிற்கும், எப்போது நிற்காது எல்லாவற்றையும் அவள் காதில் மட்டும் சொல்லுங்கள். மற்றவர்களிடம் குழம்பு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

நீங்கள் நீண்ட நாள் இருக்க வேண்டும். உங்கள் பெட்டியை நீங்களே சுமந்துகொண்டு உங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அழகியும் நானும் கும்பிடுகிற சாமியிடம் அதைத்தான் கேட்கிறோம்.

இப்படிக்கு,
லான்ஸ் நாயக் உடையப்பன் மனைவி
உண்ணாமலை