ஏணியடியில் கேட்டது

ஹுட் ரிவர், ஓரிகன்
ஆகஸ்ட் 31, 2004

அன்புள்ள வெர்லின்,

என் குரலைக் கேட்டதும் போனை வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். சாவதற்கு மருந்து வேண்டும் என்று நீங்கள் கேட்டது நேற்றைய தேதியில்தான் கோப்பில் இருக்கிறது. சாகும் நிலையில் இருப்பவர் இப்படிக் கேட்க ஓரிகன் சட்டம் இடம் தருகிறது, ஆனால் பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை வாயால் கேட்க வேண்டும். அதற்கு முன் நான் மருந்து எழுதினால் சட்டப்படி செல்லாது.

உங்கள் டாக்டர்,
லெனோரா

செப்டம்பர் 2

லெனோரா,

முப்பதாம் தேதிதான் கேட்டேனா? ஆகஸ்ட் நடுவில், பேரிக்காய் பறிப்பு தொடங்கிய அன்று ஏணியடியில் என்ன சொன்னேன்? "இந்தத் தொண்டைப் புத்துநோய் என்னைப் பட்டினி போட்டுக் கொல்றதுக்குள்ள அந்த மருந்தைக் குடுத்துடு." நீ என்ன சொன்னாய்? "முதல்ல காயைப் பறிங்க, சாவை அப்புறம் பாக்கலாம்." சொல்லிவிட்டு இரண்டு பெட்டி காயோடு காரேறிப் போனாய்.

இப்போது கஞ்சியே இறங்க மறுக்கிறது. தொண்டை அடைத்த பிறகு மருந்தை எப்படிக் குடிப்பேன்? பழைய தேதியைப் போடு. யார் பார்க்கப் போகிறார்கள்?

வெர்லின்

செப்டம்பர் 4

அன்புள்ள வெர்லின்,

தவறு என்னுடையது. முப்பது வருஷ சிநேகிதியாகக் கேட்டுச் சிரித்துவிட்டேன். டாக்டராக அன்று மாலையே எழுதி வைத்திருக்க வேண்டும். வெட்கமாக இருக்கிறது.

ஆனால் பொய்த் தேதி போடமாட்டேன். அது வெளியே வந்தால், அடுத்துக் கேட்கிறவருக்குக் கையெழுத்துப் போட இந்த ஊரில் எந்த டாக்டரும் துணியமாட்டார்.

நோயை இன்னொரு டாக்டரும் உறுதி செய்ய வேண்டும், செவ்வாயன்று அவரை உங்கள் வீட்டுக்கே அழைத்து வருகிறேன். எழுத்து விண்ணப்பத்துக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒருவர் உங்கள் அண்ணன் மகனாக இருக்கலாம், தோட்டம் அவருக்குப் போவதால் இன்னொருவர் வெளியாளாக இருக்கட்டும். உங்கள் டாக்டர் என்பதால் நான் சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடாது. பதினான்காம் தேதிக்குள் எல்லாம் முடிந்திருக்கும், நீங்கள் கேட்பது ஒன்றுதான் பாக்கி இருக்கும். தொண்டையைப் பார்க்கத் தினமும் வருவேன். திட்டுங்கள், கதவை மட்டும் திறந்துவிடுங்கள்.

லெனோரா

செப்டம்பர் 17

அன்புள்ள லெனோரா,

பதினான்காம் தேதி நான் வாய் திறப்பதற்குள் பேனாவை எடுத்துவிட்டாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு என் கோபமும் போயிற்று.

மருந்து வந்து சேர்ந்தது. தொண்டையில் இன்னும் நூலளவு வழி இருக்கிறது. நாளை காலை பத்து மணிக்குக் குடிக்கிறேன். மனம் மாறவில்லை, பயமும் இல்லை. உன்னை விட்டுப் போவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

கோப்பையை நானே பிடித்துக் குடிக்க வேண்டும், யாரும் ஊட்டக்கூடாது என்றாய். சரி. அதற்கு வலது கை போதும். இடது கை சும்மாதான் இருக்கும். அதைப் பிடித்துக்கொள்ளச் சாட்சியும் வேண்டாம், பதினைந்து நாளும் வேண்டாம். வா.

வெர்லின்