ஜாடிக்குள் இரண்டு சீட்டு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், அந்தக் குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. அம்மா முழங்கால் வீக்கம் வடிந்து, பழையபடி என்னைத் திட்டுமளவுக்குத் தேறிவிட்டாள். எனக்குத்தான் ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

உனக்கு ஒன்பது வயதில், பேருந்து நிலையத்துக்குப் பின்னாலிருந்த சதுப்பில் என்னோடு இறங்கி ஒரு தவளை பிடித்தாயே, அது இன்னும் எங்கள் அருங்காட்சியகத்தில் ஸ்பிரிட் ஜாடியில் இருக்கிறது. அப்போதெல்லாம் தவளையின் காலை அளந்து, விரலிடைச் சவ்வைப் பார்த்துத்தான் இனம் சொல்வோம். எல்லா இடத்திலும் இருக்கும் சாதாரணத் தவளை என்று பென்சிலால் சீட்டு எழுதி உள்ளே போட்டேன். சதுப்பைத் தூர்க்கலாமா என்று கேட்டு வந்த கோப்பிலும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டே மாதத்தில் மண்ணைக் கொட்டி மூடிவிட்டார்கள், இப்போது அங்கே லாரிகள் நிற்கின்றன.

போன வாரம் மரபணுப் பிரிவுப் பெண் ஓடி வந்தாள். அதன் தொடையிலிருந்து கடுகளவு சதை எடுத்துச் சோதித்திருக்கிறாள். "சார், இது தனி இனம் சார், நாலு மாசமாத் தேடிட்டோம், வேற எங்கயும் இல்ல" என்றாள். கண்டுபிடித்த சந்தோஷம் அவளுக்கு. எனக்கோ அந்தக் கோப்பில் போட்ட கையெழுத்துத்தான் கண்ணில் நின்றது. அந்த இனத்துக்கு என் பெயரையே வைக்கப் போகிறார்களாம், கொன்றவன் பெயரை யாராவது வைப்பார்களா? கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். புதுச் சீட்டையும் நானே எழுதினேன். பழையதை எடுத்தெறிய எங்கள் வேலையில் வழக்கமில்லை, இரண்டும் உள்ளேயே கிடக்கும், என் தப்பு என் கையெழுத்திலேயே.

தவளை பிடித்த அன்றைக்கு நீ, "அப்பா, இது வேற மாதிரி கத்துதுப்பா" என்றாய். எனக்கும் கேட்டது. உனக்குச் சளி, காது அடைத்திருக்கிறது என்று சொல்லிச் சிரித்தேன். இப்போது இனம் பிரிக்கக் குரலையும் கேட்கிறார்கள். புது இனத்தைப் பதியும் படிவத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். எவ்வளவு யோசித்தும் அது எப்படிக் கத்தியது என்று நினைவுக்கு வரவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. உன் வீடு நிறைந்து நீ நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய மறக்காதே. நினைவிருந்தால் ஒரே ஒரு தடவை அது மாதிரி கத்திக் காட்டு, இந்தத் தடவை சிரிக்க மாட்டேன்.

உன் அப்பா