தவறணைக்காரருக்குத் தெரிந்த பெயர்கள்

மயில்மலைத் தோட்டம், ஹட்டன்
14.7.1957

அன்புள்ள அப்பாவுக்கு மகள் சண்முகவடிவு வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் இளைப்பு குறைந்ததா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி?

பயப்பட ஒன்றுமில்லை, ஆனாலும் சொல்கிறேன். தோட்டத்து எல்லையில் சாராயம் விற்கும் தவறணை திறக்கப் போகிறார்கள். வேண்டாமென்று லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் பதினெட்டுப் பேர் கைநாட்டு வைத்தார்கள். மனுவை எழுதியது நான்தான். கிராம சபையில், "கட்டடந்தான் எங்க பொறுப்பு, லைசென்சு மதுவரி ஆபீசுல" என்றார்கள். மதுவரி ஆபீசில், அரசாங்க ஏஜண்டுத் துரையின் அலுவலகமான கச்சேரிக்குப் போகச் சொன்னார்கள். கச்சேரிக் கிளார்க்கர், "இவங்க தோட்டத்து ஆளுங்க, பிரஜா உரிமையும் இல்ல, ஓட்டும் இல்லையே" என்று சொல்லி மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்.

நான்காம் நாள் தவறணைக் குத்தகைக்காரர், பிள்ளை பெற்றுப் படுத்திருந்த அங்கம்மாளின் வாசலில் வந்து நின்று, "நீயும் கைநாட்டு வச்சியாமே" என்று கேட்டிருக்கிறார். மனுவைப் படித்த மூன்று இடத்தில் எங்கிருந்து பெயர் போனதோ தெரியவில்லை. இப்போது யார் சிரித்துப் பேசினாலும் சந்தேகமாக இருக்கிறது.

அடுத்த மனுவில் என் பெயரை மட்டும் போட்டேன். அங்கம்மாள் கைக்குழந்தையோடு வந்து, "எங்க பேர ஏன் விட்டீங்க மருத்துவச்சியம்மா? அவருக்குத்தான் தெரிஞ்சுபோச்சே, இனி என்னத்த ஒளிக்கிறது" என்று விரலை நீட்டினாள். இம்முறை இருபத்தாறு கைநாட்டு. நாளை ஏஜண்டுத் துரையிடம் நானே நேரில் கொடுப்பேன்.

உங்கள் சென்ற கடிதம் ஒட்டுப் பிரிந்து வந்தது. இனித் தோட்டத்து விலாசம் வேண்டாம், தபாற்கந்தோருக்கே எழுதுங்கள், நான் போய் வாங்கிக்கொள்கிறேன். அம்மா கையால் இரண்டு வரியாவது இருக்கட்டும். அப்போதுதான் உங்கள் கடிதம் என்று நம்புவேன். இதையும் டவுன் தபாற்பெட்டியில் நானே போடுகிறேன். பஸ் வந்துவிட்டது.

வடிவு