ஜன்னல் வைத்த ஃபிரிட்ஜ் வண்டி

மார்ச் 3
என் பழைய ஃபிரிட்ஜ் கடையில் இன்று இரண்டு விற்றன. ஒன்றின் பக்கவாட்டில் பள்ளம். "அந்தப் பக்கத்தைச் சுவரோரமா வைங்க, தெரியாது" என்று சொல்லியே விற்றேன்.

சாப்பிடும்போது டெல்பர்ட் சொன்னான்: "செப்டம்பர்ல எல்லோஸ்டோன் காட்டுப் பூங்காவுக்குப் போறேன் வெர்லா. நீ வந்தா உன்கூட. இல்லன்னா எங்கண்ணன் வண்டியில."

காலமெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன் என் புருஷன். எங்கள் டென்னசி மாநிலத்தைத் தாண்டியதில்லை. போகலாமா என்று கேட்கும்போதெல்லாம் "அடுத்த வருஷம்" என்பேன், சிரிப்பான். இன்று சிரிக்கவில்லை.

அண்ணனோடு போனாலும் திரும்பி வருவான்தான். ஆனால் பார்த்ததை எல்லாம் ஆயுசுக்கும் அவனிடமே பேசிக்கொண்டிருப்பான். நான் நடுவில் உட்கார்ந்து தேநீர் ஊற்றுவதா?

மார்ச் 8
கேம்பர், அதாவது உள்ளேயே படுத்துத் தூங்கும் வண்டி, விற்கும் இடத்துக்குப் போனோம். விற்பவன் மெத்தையைத் தட்டிக் காட்டினான். நான் அலமாரிக் கதவை இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. நானும் ஓட்டை உடைசல் விற்பவள்தான். ஆனால் புதுசு என்று சொல்லி விற்பதில்லை.

காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் சரக்கு டிரெய்லர் ஒன்றைச் சொல்லிச் செய்து வாங்கி, உள்ளே நாமே கட்டில் போட்டால் என்ன?

நிறுத்துவதுதான் வம்பு. கடைச் சந்தில் விட்டால் காலையில் சக்கரம் இருக்காது. வீட்டு முன்னால் கேம்பர் நிற்கக் கூடாது, குடியிருப்போர் சங்க விதி. தொழில் வண்டி நிற்கலாம். நான் தொழில் செய்கிறவள்தானே!

மார்ச் 11
ஜார்ஜியாவில் இருக்கும் டிரெய்லர் பட்டறைக்குப் போன் போட்டேன். ஆர்டர் எழுதிய பெண் கெட்டிக்காரி.

"உயரம் எவ்ளோக்கா?"

"வழக்கத்தவிட ஒரு அடி கூட வைம்மா. என் வீட்டுக்காரன் ஆறடி மூணு அங்குலம்."

"சரக்கு ஏத்துற வண்டிக்கு அவரு உயரம் எதுக்கு?"

"அவனும் சரக்குதான்."

கூரையில் காற்றுப்போக்கி, வலப்பக்கம் கதவு, வெள்ளை நிறம். ஜன்னல் கூடவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன். பார்த்தால் வெறும் பெட்டியாக இருக்க வேண்டும்.

மே 6
வண்டி இன்னும் தயாராகவில்லையாம். டெல்பர்ட் அண்ணனிடம் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறான்.

மே 21
வண்டியை எடுக்கப் போனோம். ஜன்னல் இருக்கிறது! பெரிதாக, நல்ல நடுவில்!

"யாரு சொன்னது?" என்று கத்தினேன்.

அந்தப் பெண் டெல்பர்ட்டைப் பார்த்தாள். டெல்பர்ட் தன் கையிலிருந்த வேகவைத்த வேர்க்கடலையைப் பார்த்தான்.

"நான்தான் அவளுக்குப் போன் போட்டேன்" என்றான் வழியில். "அவ்வளவு தூரம் போயி சுவத்தப் பாத்துட்டுப் படுக்கவா?"

அவன் வேர்க்கடலையைப் பிடுங்கி மிச்சத்தை நானே தின்று தீர்த்தேன்.

ஜூன் 14
வண்டியின் இரு பக்கமும் பெரிய எழுத்தில் 'வெர்லா பழைய ஃபிரிட்ஜ் விற்பனை' என்று எழுதியாயிற்று. பெயின்ட் காய்வதற்குள் டாக்டர் ஓகிள் வந்தார். சங்கத் தலைவர், பல் வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போதும் பேசுகிறவர் வாய்க்குள்ளேயே பார்ப்பார்.

"ஏம்மா, ஃபிரிட்ஜுக்கு எதுக்கு ஜன்னல்?"

"காத்து வேணும் டாக்டர். மூடி வெச்சா நாத்தம் வந்துரும்."

தலையாட்டிவிட்டுப் போனார். நம்பவில்லை.

ஆகஸ்ட் 20
டெல்பர்ட் வண்டிக்குள் கட்டில் போட்டுச் சுத்தியல் தட்டிய சத்தம் ஓகிள் வீடுவரை போயிருக்கிறது. சனிக்கிழமை உள்ளே பார்க்க வேண்டுமாம். கேம்பர் என்று தெரிந்தால் அன்றைக்கே தெருவை விட்டு வெளியேற்ற வேண்டுமாம்.

"அண்ணன் வண்டியில எடம் இருக்கு" என்றான் டெல்பர்ட். மிரட்டலாகச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்னான். அதுதான் குத்தியது.

ஆகஸ்ட் 22, சனி
விடியற்காலையிலேயே ஒரு ஃபிரிட்ஜைக் கட்டில் முன்னால் ஏற்றி, மெத்தைமேல் சாக்குப் படுதாவைப் போர்த்திவிட்டோம். எல்லாம் சரி. டெல்பர்ட் ரகசியமாகத் தைத்து மாட்டியிருந்த ரோஜாப்பூத் திரைச்சீலையைத்தான் இருவரும் மறந்தோம்.

ஓகிள் அதைத் தொட்டுப் பார்த்தார். "இது?"

"வெயில் பட்டா ஃபிரிட்ஜோட வெள்ளை பெயின்ட் மஞ்சளாயிரும் டாக்டர்."

"அந்தக் காப்பிப் பாத்திரம்?"

"ஏத்தி இறக்குற ஆளு குடிப்பான்." டெல்பர்ட் கையைத் தூக்கினான், அந்த ஆள் நான்தான் என்பது போல.

மனிதர் ஃபிரிட்ஜைச் சுற்றி நுழைந்து படுதாவின்மேல் உட்கார்ந்தார். லேசாகக் குதித்தார். பிறகு — கால் நீட்டிப் படுத்தே விட்டார். ஜன்னல் வழியாக எங்கள் மேப்பிள் மரத்தைப் பார்த்தார். போச்சு, வெளியேற்றப் போகிறார் என்று நின்றேன்.

"என் வீட்டம்மாவும் வருஷக்கணக்கா கேக்குறா" என்றார் கூரையைப் பார்த்து. "விதிய எழுதுனதே நான். என்னத்தச் சொல்ல?"

எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். "ஃபிரிட்ஜ் வண்டிதான். பாத்தாச்சு. அந்தப் பட்டறை போன் நம்பர் இருக்காம்மா?"

செப்டம்பர் 16
எல்லோஸ்டோன். விழித்தால் ஜன்னலுக்கு வெளியே காட்டெருமை. டெல்பர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தூசியாம். வண்டியில் எழுதியிருந்ததைப் பார்த்துப் பக்கத்து வண்டிக்காரர் வந்து, "எங்க ஃபிரிட்ஜ் குளிரல" என்றார். எழப் போனேன். டெல்பர்ட் என் கையைப் பிடித்தான். "கடை லீவு சார்" என்றேன். என் வாயால்.

அக்டோபர் 11
வந்து சேர்ந்தோம். டெல்பர்ட் அண்ணனுக்குப் போன் போட்டு, "வெர்லா என்ன சொன்னா தெரியுமா" என்றே எல்லாக் கதையையும் தொடங்குகிறான்.

நவம்பர் 28
ஓகிள் வீட்டு முன்னால் புத்தம்புதிய வெள்ளை டிரெய்லர். ஜன்னல் இரண்டு. பக்கத்தில் 'ஓகிள் புகைபோக்கி சுத்தம்' என்று எழுதியிருக்கிறார்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கும் புகைபோக்கி கிடையாது.

திரைச்சீலைக்கு எங்கே துணி வாங்கினீர்கள் என்று கேட்க அவர் மனைவி வந்திருந்தாள். டெல்பர்ட் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.