ஹிதாயத்தின் வசனம்

2009 பெப்ரவரி 3, செவ்வாய்

கந்தோரில் கோப்பு, படிவ வேலை குறைவு. மதியம் தர்சிகா வந்தாள். பாண்டிருப்பில் நாடகக் குழு நடத்துகிறவள். சுனாமிக்குப் பிறகு முகாம் பிள்ளைகளுக்காக அவள் போட்ட நாடகங்களில் இரண்டு நான் எழுதியவை, அந்தப் பழக்கம். மே மாதம் ஒரு நாடக விழாவாம். புதிதாக ஒன்று வேண்டுமாம்.

"காதல் கதையா இரிக்கட்டும் அண்ணன். சனம் செத்த கதை கேட்டுக் களைச்சுப் போச்சு."

என்னிடம் கதை ஒன்றும் இல்லை என்றேன். யோசியுங்க என்றுவிட்டுப் போனாள்.

வீட்டில் உம்மா எனக்குப் பேசி வந்த பாலமுனைப் பெண்ணின் படத்தைக் காட்டினா. நல்ல முகம். "ஓம், நல்லம்" என்றேன். எனக்கு முப்பத்து மூன்று வயது. வேறு என்ன சொல்வது?

பெப்ரவரி 19

எழுதத் தொடங்கிவிட்டேன். அன்வர் என்று ஒரு பையன், ஸீனத் என்று ஒரு பெண். ஒரே தெரு ஒழுங்கையில் வளர்கிறார்கள். எழுதும்போது ஒன்றும் தோன்றவில்லை. கந்தோரில் படிவம் நிரப்புவது போலக் கை தன்பாட்டில் ஓடுகிறது.

மார்ச் 8, ஞாயிறு

முதல் வாசிப்பு. நிரோசன் அன்வரை வாசித்தான். ஸீனத்துக்கு ஆள் கிடைக்காததால் தர்சிகாவே வாசித்தாள். பாதியில் நிறுத்தினாள். மற்றவர்கள் தேநீர் குடிக்கப் போன பிறகு சொன்னாள்.

"அண்ணன், இவள் பொம்பிளைப்பிள்ளை இல்ல."

"ஏன்?"

"உங்கட ஊர்ல ஒரு பிள்ளை இப்பிடிச் சைக்கிள் பார்ல இருந்து போய், கடையில நிண்டு பிளேன்ரீ குடிச்சு, வயல் வாடியில படுத்தெழும்ப ஏலுமா? இது ஆரு?"

நான் கடதாசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆம்பிளை" என்றேன்.

கடதாசியைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு, "அப்ப பேரை மாத்துவம்" என்று பேனையை எடுத்து ஸீனத்தை வெட்டி ஸமீர் என்று எழுதினாள். அவ்வளவுதான். வேறு ஏதோ நடக்கும் என்று காத்திருந்தேன். நடக்கவில்லை.

முதன்முதலாக ஒரு மனிதருக்குச் சொல்லியிருக்கிறேன். சந்தோசமும் இல்லை, பயமும் இல்லை.

மார்ச் 9

தர்சிகாவிடம் சொல்லாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஹிதாயத்தும் நானும் ஒரே வகுப்பு. பதினேழு வயதிலிருந்து எங்களுக்குள் இருந்ததற்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. ஊர் கூட்டாளிமார் என்றது, நாங்களும் அப்படியே சொன்னோம். 2004 டிசம்பர் 25 பின்னேரம், பன்றிக் காவல் எங்கள் முறை என்று இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டுச் சவளக்கடை வயலுக்குப் போனோம். எங்கள் முறையே இல்லை. வாடிக் குடிலில் தனியே இருப்பதற்காகச் சொன்ன பொய். காலையில் வெயில் ஏறும்வரை படுத்திருந்தோம். உழவு மெசினில் வந்த ஒருவர், "கடல் ஊருக்குள்ள வந்திட்டு" என்று கத்திக்கொண்டு போனார். கடல் எப்படி வரும்? சிரித்தோம். ஹிதாயத்தும் நானும் — சிரித்தோம்.

அவனுடைய உம்மாவைப் பின்னேரம் பள்ளிவாசல் விறாந்தையில், சடலங்களின் வரிசையில் கண்டோம். சாய்ந்தமருதில் அவன் வீடு கடற்கரையோடு. எங்கள் வீடு மெயின் றோட்டுக்கு மேற்கே, தண்ணீர் வரவில்லை.

அந்தப் பொய்தான் அவனைக் காப்பாற்றியது என்று நான் நினைத்தேன். அந்தப் பொய்தான் தன் உம்மாவைக் கொன்றது என்று அவன் நினைத்தான். நாற்பதாம் நாள் கத்தம் முடிந்து, உடைந்த மதிலடியில் வைத்துச் சொன்னான்: "நம்மளாலதான் உம்மா மௌத்தானா. இனி நாம கதைக்கத் தேவல்ல." முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டான். கல் மாதிரி நின்றான். அடுத்த வருடம் கலியாணம் முடித்தான். நான் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அதன் பிறகு எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கந்தோருக்குப் போகிறேன், வருகிறேன், தொழுகிறேன். ஒன்றும் ஆகாததுதான் விசயம்.

மார்ச் 22

ஸமீர் என்று பெயர் மாறியதும் குழுவில் ஒருவன் சிரித்தான். இன்னொருவன் இன்று வரவில்லை. நிரோசன், "வசனம் நல்லாரிக்கு, நான் செய்றன்" என்றான். ஸமீராகச் சுலக்சன் நடிப்பான்.

ஏப்ரல் 7, செவ்வாய்

ஹிதாயத் கந்தோருக்கு வந்தான். நாலு வருடத்தில் முதல் தரம். தாடி வளர்த்திருக்கிறான். பசாரில் இரும்புக்கடை வைத்திருக்கிறான். சுலக்சன் மேடைக்கு ஆணி வாங்கப் போன இடத்தில் நாடகக் கதையைச் சொல்லியிருக்கிறான். யாருடைய கதை என்று சுலக்சனுக்குத் தெரியாது.

வெளியே மதிலோரம் நின்றோம்.

"என்ட பேர் இரிக்கா?"

"இல்ல."

"உம்மா?"

"கடைசியில வாறா. மௌத்து மட்டும்."

"அத எடு."

"எடுத்தா, ஏன் விட்டுட்டுப் போறான் எண்டு ஆருக்கும் விளங்காது."

"விளங்காம இரிக்கட்டும் ஸப்ரி. மத்ததெல்லாம் நீ என்னவும் எழுது. என்ட உம்மாவ மட்டும் அங்க ஏத்தாத."

கெஞ்சுகிறான் என்பது பிறகுதான் உறைத்தது. ஸலாம் சொல்லிவிட்டுப் போனான். ஸலாமை அவன் குரலில் கேட்டு எவ்வளவு காலம்.

ஏப்ரல் 8

உம்மாவை எடுத்துவிட்டேன். இப்போது ஸமீர் காரணம் சொல்லாமல் போகிறான். தர்சிகா வாசித்துவிட்டு, "இது இன்னும் நோகுது அண்ணன்" என்றாள்.

மே 19, செவ்வாய்

வன்னியில் சண்டை முடிந்ததாம், புலிகள் தோற்றார்களாம். சந்தியில் பால்சோறு கொடுத்தார்கள். எங்கள் தெருவில் வெடி கொளுத்தினார்கள். 90இல், புலிகள் எங்கள் ஆட்களைக் கொன்ற நாட்களில், வயலுக்குப் போன பெரிய மாமா திரும்பி வரவேயில்லை. உம்மா வாசலில் நின்று வெடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தா. அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. நான் உள்ளே போய்ச் சேட்டுக்கு அயன் போட்டேன்.

மே 21, வியாழன்

பாண்டிருப்புக்குப் போனேன். எங்கள் முஸ்லிம் பக்கம் கொடி, அந்தத் தமிழ்ப் பக்கம் பூட்டின கதவுகள். தர்சிகாவின் சின்னம்மா குடும்பம் வன்னியில். ஜனவரிக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. தர்சிகா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கத்தியை எடுத்து உரித்தேன்.

நான் வெளிக்கிடும்போதுதான் கதைத்தாள். "விழாவ நிப்பாட்டிட்டாங்க. எண்டாலும் நமக்கெண்டு ஒருக்காப் போடுவம் அண்ணன். ஆரும் வராட்டியும்."

ஜூன் 14, ஞாயிறு

போட்டோம். பின்னேரம் மூன்று மணி, பாண்டிருப்பில் தகரக் கூரை போட்ட ஒரு ரியூசன் கொட்டில். முப்பது பேர் இருப்பார்கள்.

சுலக்சன் இல்லை. அவன் அக்காவின் பெயர் வவுனியா முகாம் ஒன்றின் பட்டியலில் இருக்கிறதென்று கேள்விப்பட்டு வெள்ளிக்கிழமையே போய்விட்டான். தர்சிகா என்னைப் பார்த்தாள். "வசனம் எல்லாம் உங்களுக்குத்தான் பாடம்."

ஆகவே நான் ஸமீராக, ஹிதாயத்தாக நின்றேன். எதிரில் அன்வராக, நானாக நிரோசன்.

கடைசிக் காட்சிவரை ஒன்றும் இல்லை. படிவம் வாசிப்பது போலச் சொல்லிக்கொண்டு போனேன். பிறகு அந்த இடம் வந்தது. "இனி நாம கதைக்கத் தேவல்ல." சொல்லத் தொடங்கும்போதே நிரோசனின் முகம், ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்க்கும் அந்தப் பொடியனின் முகம் — என்னால் ஏலாமல் போயிற்று. கண் நிறைந்துவிட்டது. அவன் காணக் கூடாதென்று மற்றப் பக்கம் திரும்பினேன்.

திரும்பின பிறகுதான் விளங்கியது. அட ஹிதாயத், இதுக்குத்தானேடா நீ திரும்பினாய். இதுக்குத்தானே. நாலு வரிசமா உன்னைக் கல்லு எண்டு நினைச்சிக்கிட்டு இரிந்திருக்கன்.

அடுத்த வசனம் மறந்துவிட்டது. நிரோசன் சமாளித்தான்.

முடிந்தபோது கைதட்டல் வரச் சுணங்கியது. சின்னப்போடி என்ற வயதான ஆள் ஒருவர், "அந்தப் பொடியனுக்கு மறுகா என்ன நடந்த?" என்று தர்சிகாவிடம் கேட்டாராம். எந்தப் பொடியன் என்று கேட்டதற்கு, "ரெண்டு பேருக்கும்தான்" என்றாராம்.

ஜூன் 15

கந்தோருக்குப் போகவில்லை. தடிமன், காய்ச்சல் என்று சொன்னேன். அழுகை விட்டுவிட்டு வருகிறது.

ஜூலை 2

சுலக்சனின் அக்கா உயிரோடு இருக்கிறா. தர்சிகாவின் சின்னம்மா பற்றி இன்னும் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 7

நாள் வைக்கச் சொல்லிப் பாலமுனையிலிருந்து ஆள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சொல்கிறோம் என்று உம்மா அனுப்பினா.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

உம்மா குசினி வாசலில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தா. பக்கத்தில் குந்தினேன்.

"உம்மா, பாலமுனைக்கு வேணாம் எண்டு சொல்லுங்க."

"அந்தப் புள்ளைக்கி என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல. எனக்குப் பொம்பிளைய முடிக்க ஏலா உம்மா. இந்தப் புள்ளை எண்டில்ல. ஆரையும். முடிச்சா அந்தப் புள்ளைதான் பாவம்."

கத்தி நின்றது. முற்றத்தில் பூனை கத்தியது.

"டொக்டரிட்டக் காட்டுவமா மனே?"

"இது வருத்தமோ நோயோ இல்ல உம்மா."

"ஆக்கள் கேட்டா நான் என்ன சொல்ற?"

"மகனுக்கு விருப்பமில்ல எண்டு சொல்லுங்க. அது பொய்யில்ல."

மறுபடி வெட்டத் தொடங்கினா. எவ்வளவு விளங்கியதோ, அல்லாஹ் அறிவான். நான் எழும்பிப் போய் லுஹர் தொழுதேன்.

பகல் சோறு போட்டுவிட்டு எதிரில் இருந்தா. மீனாணத்தோடு ஒரு வாய் வைத்ததும் சொல் தன்பாட்டில் வந்துவிட்டது.

"உப்புக் கூடிட்டு உம்மா."

உம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தா. வெகுநேரம் பார்த்தா.

"நாலஞ்சு வரிசமா நீ சோத்துக்கு ஒரு குறை சொன்னதில்ல" என்றா.

பிறகு என் சோற்றுக் கோப்பையை இழுத்து, கொஞ்சம் தேங்காய்ப் பாலாணம் ஊற்றித் தந்தா. முழுவதையும் சாப்பிட்டேன்.