அடுப்புக்கு மேலே நான்கு கம்பி

நவம்பர் 18

சனி என்று அச்சு. இது போன வருடத்து டைரி, என் மகன் கோவிந்தன் வேலூர் ஆபீசிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. இன்று ஞாயிறு. மூன்றாவது நாளாக மழை. அறுத்துப் போட்ட சாமைக்கு நானும் பக்கத்து வீட்டு முனியம்மாவும் பாய் போர்த்தினோம். கை விறைப்பு.

மத்தியானப் பஸ் கண்டக்டர் கார்டு கொடுத்தார். தசரதன் எழுதியது. என் பேரன், கோவிந்தனுடைய ஒரே மகன். மூன்று முறை படித்தேன். பம்பாயில் ஒரு பெரிய ஓட்டலில் தினமும் சாயங்காலம் இங்கிலீஷ் பாட்டு வாசிக்கிற குழுவாம். பேஸ் கிடார் வாசித்தவன் விலகிவிட்டான், அந்த இடம் இவனுக்கு. சொந்தச் சாமான் இருந்தால் மட்டும் வா என்று சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமை இங்கே வந்து எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை பஸ். திங்கள் மெட்ராஸில் ரயில். கடைசி வரி, ‘சாமான் எல்லாம் பத்திரமா ஆயா?’

பத்திரம்தான். எழுதி வைக்கிறேன், ஒன்று குறைந்தாலும் தெரியும்.

கிடார் 1. நாலு கம்பி. மேல் கம்பி மாட்டுக் கழுத்து மணிக்கயிறு போல அத்தனை தடிமன்.
அதன் கறுப்புப் பெட்டி 1. உள்ளே சிவப்புத் துணி, பூசணம் பிடித்துவிட்டது.
ஆம்பிளிபெயர் 1. என் இடுப்பு உயரம். ஊருக்குக் கரண்டு இல்லாததால் இதுவரை வாய் திறக்கவில்லை.
ஒயர் சுருள் 3.
காலால் மிதிக்கிற டப்பா 1.
தோளில் மாட்டுகிற வார் 1.
பழைய கம்பி ஒரு செட்டு, காகிதத்தில் சுற்றியது.
பவுடர் டப்பா 1. குலுக்கினால் சத்தம். திறந்ததில்லை.

ஆடி மாதம் அவன் வாசித்துக்கொண்டிருந்த மெட்ராஸ் குழு கலைந்தது, அறையைக் காலி செய்தான். வேலூருக்குக் கொண்டுவந்தால் கோடாலியால் பிளப்பேன் என்றான் கோவிந்தன். பி.காம் படித்தவன் கம்பி மீட்டுகிறானே என்று அவனுக்கு ஆத்திரம். நான் சொன்னேன், “என் வூட்ல வைடா. எவன் தொடறான்னு பாக்கறேன்.” பஸ் மேலே கட்டி எடுத்துவந்தான். ஊரே வந்து பார்த்தது.

ஐப்பசி மழையில் பெட்டி பூசணம் பிடித்ததும் கிடாரை மட்டும் வெளியே எடுத்து, அடுப்புக்கு மேலே விதைச் சோளக்கதிர் தொங்குகிற கம்பில் கட்டித் தொங்கவிட்டேன். புகை படுகிற இடத்தில் வண்டு வராது, ஈரம் வராது. நாற்பது வருடமாக என் விதை ஒன்றும் கெட்டதில்லை. முனியம்மா வந்து விதை கேட்கிறாள் என்றால் சும்மாவா.

நாளை இறக்கித் துடைக்க வேண்டும். பளபளவென்று கொடுக்க வேண்டும்.

நவம்பர் 19, திங்கள்

மழை விட்டது. பனி மூட்டம்.

இறக்கினேன். ஒட்டடை, கரி. ஈரத்துணியால் துடைத்தேன், பிறகு காய்ந்த துணி. கம்பிக்கு விளக்கெண்ணெய், அரிவாளுக்குப் போடுவதுபோல் லேசாக.

ஏதோ சரியில்லை. கம்பிக்கும் மரத்துக்கும் நடுவில் என் சுண்டுவிரல் போகிறது. முன்னே காகிதம்தான் போகும். ஏர்க்கால் நேராக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடி நுனியிலிருந்து பார்த்தேன். கழுத்து என்று அவன் சொல்வானே, அந்த நீட்டு மரம் வில் போல் வளைந்திருக்கிறது.

திரும்பப் பார்த்தேன். வெளியே எடுத்துப் போய் வெளிச்சத்தில் பார்த்தேன். வளைவுதான்.

தண்ணீர் குடித்தேன். மாடு கட்டினேன். மறுபடியும் வந்து பார்த்தேன்.

அவன் இங்கே இருந்த பத்து நாளில் என் களிச் சட்டியில் அந்தக் கம்பிகளைப் போட்டுக் கொதிக்க வைத்தான். “இன்னாடா இது, கொழம்பா?” என்றேன். “புதுக் கம்பி லேசுல கெடைக்காது ஆயா. வேக வச்சா அழுக்குப் போயி சத்தம் திரும்ப வரும்” என்றான். அதைப் பார்த்ததால்தான் சூடு இதற்கு நல்லது என்று நினைத்தேன். கம்பிக்கு நல்லது. மரத்துக்கு? யாரைக் கேட்டேன்?

யாருக்கும் சொல்லவில்லை.

நவம்பர் 20, செவ்வாய்

தரையில் கிடத்தி, கழுத்தின் மேல் பழம்புடவை சுற்றிய அம்மிக்குழவியை ஏற்றினேன். ஒரு பகல் முழுக்க இருந்தால் நிமிரும் என்று எண்ணம்.

முனியம்மா உப்பு கேட்டு வந்தாள். “இன்னா அத்த, கொழவிக்குப் பொடவ கட்டி வுட்டுக்கீற. கல்யாணம் எப்ப?”

“உப்பு வாங்கினியா, போ.”

“மாப்ள யாரு, அம்மியா?”

போகும்போது கீழே கிடந்ததைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்திவிட்டுப் போனாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஊரெல்லாம் என் பேரன் பம்பாய் போகிறான் என்று நேற்று முன்தினம்தானே சொன்னேன்.

பொழுது சாயக் குழவியை எடுத்தேன். அப்படியே இருக்கிறது.

நவம்பர் 21, புதன்

காலைப் பஸ். கிடாரைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மலை இறங்கினேன். சந்தவாசல் ஆசாரியிடம் காட்ட.

பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரர், “இன்னா ஆயா, வீணையா?”

“கிடாரு. எங்க பேரன்து. பம்பாய்ல வாசிக்கிறான்.” போகப்போகிறான் என்று சொல்லியிருக்க வேண்டும். வாசிக்கிறான் என்றே வந்துவிட்டது. கம்பளியை விலக்கிக் காட்டினேன்.

“இதுல ரெண்டு கம்பிய யாரு திருடினாங்க? கிடாருக்கு ஆறு கம்பியாச்சே.”

“இதுக்கு நாலுதான். அடி சத்தம் இதுலதான் வரும். இது இல்லன்னா மத்தவங்க பாட்டு நிக்காது.” தசரதன் சொன்னது. சொல்லும்போது குரல் கெத்தாகத்தான் வந்தது. மடியில் இருப்பது வளைந்த மரம்.

ஆசாரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்தின் தலைப் பக்கம் ஒரு சின்ன ஓட்டையைக் காட்டினார். “பெரீம்மா, உள்ள இரும்புக் கம்பி ஓடுது. அத முறுக்கித்தான் மரத்த நிமித்தணும். இதுக்குன்னு சாவி இருக்கணுமே.”

“நீங்களே ஏதாவது பண்ணுங்க.”

“நான் கதவு செய்றவன். இதுல கை வச்சி ஒடஞ்சா உங்க பேரன் முகத்துல எப்படி முழிப்பேன்? எங்க வச்சிருந்தீங்க, இப்டி வளையறதுக்கு?”

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

தசரதனுக்குச் சொல்லி அனுப்பலாம் என்றால் கார்டில் முகவரி இல்லை. யாரோ சிநேகிதன் அறையில் இருக்கிறானாம். மெட்ராஸில் எந்தத் தெரு, எந்த வீடு. போஸ்ட் ஆபீஸ் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

நவம்பர் 22, வியாழன்

பவுடர் டப்பாவைத் திறந்தேன். மீட்டுகிற வில்லைகள் ஐந்து, ஒரு திருகாணி, ட எழுத்துப்போல் வளைந்த சின்ன இரும்புச் சாவி.

பார்த்ததும் ஞாபகம் வந்தது. இதை அந்த ஓட்டையில் விட்டு அவன் திருப்பியதை நான் எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். “கால் திருப்புத்தான் ஆயா. அதிகமா திருப்பினா உள்ள இருக்கறது அறுந்துடும். அப்புறம் இது வெறகுதான்.”

எந்தப் பக்கம் திருப்பினான்? என் வலது கைப் பக்கம் போலத்தான் ஞாபகம். எதிரே உட்கார்ந்திருந்தேனே, அப்படியானால் அவனுக்கு இடது. அல்லது அவன் திரும்பி உட்கார்ந்திருந்தானா.

சாவியை ஓட்டையில் விட்டேன். சரியாக உட்கார்ந்தது. எடுத்துவிட்டேன். மறுபடி விட்டேன். இப்படி மூன்று முறை. திருப்பவில்லை. திருப்ப முடியவில்லை.

ஆம்பிளிபெயர் மேல் இருந்த தூசியைத் துடைத்தேன். ஒயர்களைப் புதிதாகச் சுருட்டினேன். பெட்டியின் பூசணத்தை வெயிலில் காட்டினேன். எது முடியுமோ அது.

நவம்பர் 23, வெள்ளி

வேலூரிலிருந்து கோவிந்தன் வந்துவிட்டான். அவனுக்கும் கார்டு போயிருக்கிறது. இரண்டு நாள் லீவு. வழியனுப்ப வந்தேன் என்று சொல்லவில்லை, சாமை வாங்க வந்தேன் என்றான்.

மறைக்க இடம் ஏது. பார்த்துவிட்டான். ஒரு கண்ணை மூடிப் பார்த்தான், என்னைப் போலவே. கரி வாசனையை மோந்தான். நிமிர்ந்து அடுப்புக்கு மேலே தொங்குகிற கயிற்றைப் பார்த்தான்.

“எம்மா, நான் ஒரே வெட்டுல முடிச்சிருப்பேன். நீ ஒரு மாசமா பொக போட்டுக் கொன்னுக்கீற.”

சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். அடுப்படியில் உட்கார்ந்துகொண்டான். சின்ன வயதில் கோபித்துக்கொண்டால் உட்கார்கிற இடம்.

அங்கிருந்தே, “நான் பண்ணேன்னு சொல்லிடு” என்றான்.

“இன்னாடா சொல்ற?”

“போன மாசம் வந்தப்ப நான் இங்க கட்டித் தொங்கவுட்டேன்னு சொல்லு. எப்டியும் அவன் என்னத்தான் நெனப்பான். இன்னும் ஒண்ணு சேந்தா இன்னா. உங்கிட்டயாவது அவன் வந்து போவட்டும்.”

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதுதான் என் தப்பு. வேண்டாம் என்று உடனே சொல்லியிருக்க வேண்டியவள்.

நவம்பர் 24, சனி

நல்ல வெயில். பதினோரு மணிப் பஸ்ஸில் வந்தான். மெலிந்திருக்கிறான். தலைமுடி காதை மூடியிருக்கிறது. முனியம்மா, “இன்னா தசரதா, பம்பாய்ல நாவிதரே இல்லியா” என்றாள். “இன்னும் போவலயே அத்த, போயி பாத்துட்டு சொல்றேன்” என்றான்.

உள்ளே வந்து நேராகப் பெட்டியைத் திறந்தான். எடுத்தான். ஒரு கண்ணை மூடினான். எங்கள் மூன்று பேருக்கும் ஒரே பார்வை.

முகம் சின்னதாகிவிட்டது. சின்ன வயதில் பொம்மை வண்டி சக்கரம் கழன்றபோது பார்த்த முகம். இருபத்து நாலு வயது.

“நான்தான்டா” என்றான் கோவிந்தன். “போன மாசம் வந்தப்ப அடுப்பு மேல கட்டி வுட்டேன்.”

அந்த நேரத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. எழுதத்தான் வேண்டும். திறக்கவில்லை.

தசரதன் தலையைத் தூக்கிக் கம்பைப் பார்த்தான். “நைனா, அந்தக் கயித்துல போட்டுக்கீறது வெதக்கதிர் முடிச்சு. உனக்கு செருப்பு வாரே ஒழுங்கா மாட்டத் தெரியாது.”



“நான்தான் கண்ணு” என்றேன். “பூசணம் புடிக்குதுன்னு. வண்டு துளைக்கும்னு.”

“தெரியும் ஆயா. வாசல்லயே மோந்துட்டேன்.” திட்டியிருந்தால் தேவலை.

சாவியை எடுத்தான். அவனுடைய வலது கைப் பக்கம்தான் திருப்பினான். நான் நினைத்ததற்கு நேர் எதிர். நான் திருப்பாமல் விட்டது ஒன்றுதான் இந்த வாரத்தில் செய்த நல்லது.

கால் திருப்பு. கம்பியைச் சுதி சேர்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தான். மரம் அடங்க நேரம் கொடுக்க வேண்டுமாம். களி தின்றோம். இன்னொரு கால் திருப்பு. மறுபடி காத்திருந்தோம். மூன்றாவது தடவை சாவி நின்றுவிட்டது. “அவ்ளோதான்” என்றான். பாதி வளைவு போயிருக்கிறது. பாதி இருக்கிறது.

கரண்டு இல்லையே, கேட்டுப் பார்க்க அவனுக்கு ஒரு வழி உண்டு. கிடாரின் தலையைத் தானியப் பெட்டியின் பலகையில் முட்டுக்கொடுத்து வாசித்தால் பெட்டியே சத்தம் போடும். நான் போன முறை காதை வைத்துக் கேட்டேன், பல் வரைக்கும் வந்தது.

“நைனா, வா. காத வை.”

கோவிந்தன் இத்தனை வருடத்தில் ஒரு முறையும் கேட்டதில்லை. குனிந்து காதை வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான். “நெஞ்சுக்குள்ள யாரோ நடக்கற மாதிரி கீது” என்றான்.

கை கழுத்துக் கட்டங்களில் மேலே ஏற ஏறச் சுதி கெட்டது. எனக்கே தெரிந்தது. தசரதன் அந்த இடத்தை இரண்டு முறை வாசித்துப் பார்த்துவிட்டு மறுபடி அங்கே போகவில்லை.

“கீழ அஞ்சு கட்டம் சரியா கீது ஆயா. பாதிப் பாட்டு அங்கயே முடிஞ்சிடும்.”

“மீதிப் பாதி?”

“களி இன்னும் கீதா?”

போட்டேன். தின்றான். பசியில்லாமல் தின்கிறான் என்று தெரியும்.

நவம்பர் 25, ஞாயிறு

காலைப் பஸ். ஆம்பிளிபெயரைப் பஸ் மேலே ஏற்றிக் கயிறு கட்டியது கோவிந்தன். முடிச்சு அவிழ்ந்தது, தசரதன் மேலே ஏறி இன்னொரு தடவை கட்டினான். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போகிறார்கள். கோவிந்தன் சாமை வாங்க மறந்துவிட்டான்.

கிடார் பெட்டி மேலே ஏறவில்லை. தசரதன் மடியில் வைத்துக்கொண்டான்.

“பம்பாய்ல அந்தக் குழுக்காரங்க எடுத்துப் பாத்தாங்கன்னா இன்னாடா பண்ணுவ?” என்று ஜன்னலில் கேட்டேன்.

“போயி சொல்றேன் ஆயா.”

கடிதம் வரப் பத்து நாளாகும். அதற்கு மேலும் ஆகலாம்.

முனியம்மா தன் இந்த வருட விதைச் சோளக்கதிரைக் கொண்டுவந்து கொடுத்தாள், என்னுடையதோடு சேர்த்துப் புகையில் கட்டச் சொல்லி. அடுப்புக்கு மேலே கிடார் கட்டிய கயிறு அப்படியே தொங்குகிறது. முடிச்சுகூட அவிழ்க்கவில்லை. கதிரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கட்டக் கை எழவில்லை. மூலையில் சாய்த்து வைத்திருக்கிறேன், அவளுடையதையும். வண்டு வந்தால் வரட்டும்.